எட்டாம் நம்பர் ஷூ

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
இருபது நிமிஷம். சில நாள் நாற்பது.
டேங்கர் வண்டியில் எத்தனை பெட்டியென்று
எண்ணி முடிப்பதற்குள்
அண்ணா நகரில் யாரோ
நமக்கான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.
அதனால் எங்கள் நோட்டின் முதல் வரி:
இன்டர்வியூ பத்து மணி என்றால்
ஏழரைக்கே கேட்டைத் தாண்டு.

எழுதியது நான்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
என் தலையில் கட்டிய நோட்டு.

பகலெல்லாம் அது கேரம் கிளப்.
ஆறு மணிக்குப் பவுடரைத் துடைத்து
பலகைமேல் பேப்பர் விரித்தால் ஆபீஸ்.
ஓட்டைகளில் விழுந்த பேனாக்களை
தினமும் கைவிட்டு எடுக்கணும்.
நூருல்லாவுக்கு மெயில் எழுத வரும்.
ஜெபசீலி ஏழு மாதம் கால் சென்டரில் இருந்தவள்,
கால்மேல் கால் போட்டு மேனேஜராக மாறி
'உன்னைப் பற்றிச் சொல்லு' என்பாள்.
நேற்றுவரை மாமூலாய் வம்பளந்தவன்
தன் பேரையே மறந்து நிற்பான்.

மதுரவாணனுக்கு எண்ணூர் முதல் மணலிவரை
காண்ட்ராக்டர்கள் அத்துப்படி.
யார் மூன்று மாதச் சம்பளத்தைப் பிடிப்பான்,
யார் யூனிஃபார்முக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டு
போனை அணைப்பான்.
அதெல்லாம் கடைசிப் பக்கம், சிவப்பு மை.
புதிதாய் வருகிறவர்கள்
நோட்டைப் பின்னாலிருந்துதான் படிக்கணும்.

ஷூ ஒரு ஜோடி. கறுப்பு. எட்டாம் நம்பர்.
பதினோரு பேர் போட்ட காசு.
ஏழாம் நம்பர்க்காரன் நுனியில் பேப்பர் திணிப்பான்.
ஒன்பதாம் நம்பர்
பஸ் ஸ்டாப்வரை நொண்டிப் போய்
கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நேராக நடக்கும்.
'எங்களுக்கு எது?' என்று ஜெபசீலி கேட்ட அன்று
எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
அடுத்த மாதம் வந்தது
ஐந்தாம் நம்பரில் இன்னொரு ஜோடி.

'எந்த ஏரியா?'
எல்லாக் கேள்விக்கும் பயிற்சி உண்டு,
இதற்கு மட்டும் இல்லை.
சொன்னதும் எதிரே எழுதும் பேனா
ஒரு நொடி நிற்கும். அவ்வளவுதான்.
பெரம்பூர் சித்தி வீட்டு முகவரியைப் போடலாம் என்றான் நூருல்லா.
அன்றைக்கு ராத்திரி பதினொன்றுவரை சண்டை.
கரண்ட் போய், மொபைல் வெளிச்சத்தில்
கை தூக்கி எண்ணினோம்.
பதினாலுக்கு ஒன்பது. சொந்த முகவரி.

அந்த வாரமே தேசிங்கு போனான்,
சொன்னான், பேனா நின்றது, திரும்பி வந்தான்.
திட்டுவான் என்று பார்த்தோம்.
நோட்டைக் கேட்டான்.
சிவப்பு மையில் கம்பெனி பேரைத் தானே எழுதினான்,
ஒரு ஒற்றெழுத்து குறைந்தது.
நான் திருத்தவில்லை.

முப்பத்தொரு பேர். பதினேழு டிக்.
டிக் போட்டு அடித்தவை நான்கு:
வேலை கிடைத்து, வேலை போனவர்கள்.
வேலைக்குப் போனவர்கள் முதல் சம்பளத்தில்
இருநூறு ரூபாய் ஜெராக்ஸ் கடை பாக்கிக்குத் தரணும்.
சிலர் தருவார்கள். சிலர் வேறு தெரு வழியாய்ப் போவார்கள்.

நாலாவது வரியில் என் பெயர்.
இரண்டு வருஷமாய் அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.
யாரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.
நேற்று ஜெபசீலி விரல் வைத்து நிறுத்தினாள்.
மாதவரத்தில் ஒரு குடோன், பில்லிங் வேலை.
உட்கார வைத்து பயோடேட்டா எழுதினாள்.
'முன் அனுபவம்?'
'இல்லைன்னு போடு.'
அவள் போடவில்லை.
நோட்டைக் கையில் தூக்கி
மீன் வாங்குகிறவள்போல்
கொஞ்ச நேரம் எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கால் நாலாம் நம்பர்.
பேப்பர் திணித்துக் கட்டியிருக்கிறேன்,
நடந்தால் உள்ளே சரசரக்கிறது.
மணி ஏழு இருபத்தெட்டு.
கேட்காரர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.
பைக்குகள் எல்லாம் தலை குனிந்து நுழைகின்றன.
அண்ணே, ஒரு நிமிஷம்,
ஒரே ஒரு நிமிஷம் அண்ணே.