மேல்தோல்

"அசல் வால்நட். துரை காலத்துச் சாமான்"
என்று டொக்டர் பரராஜசிங்கம்
லொறியிலிருந்து இறக்கிவிட்டுப் போன மேசை
பண்டாரவளை ஈரத்தில்
ஒரு மூலை உப்பியிருந்தது.

லாச்சியை உருவிக் கவிழ்த்தேன்.
அடியில் சாயமில்லை.
சீவுளியை ஒருதரம் ஓட்ட
இளஞ்சிவப்பாய்ச் சுருள் விழுந்தது,
குறுக்கே மீன்செதில் மினுக்கம்.
பதினோராம் நம்பர் மலையில்
கொழுந்துக்கு நிழல் பிடித்து நின்ற
சபுக்கு.

பிறகு மேற்பலகை.
விளிம்பில் உளிமுனை வைத்துப் பார்த்தால்
கபில நிறம், புகைபோல் நெளியும் கறுப்பு ரேகை,
ஊசி கீறியது போலத் துளைகள்.
வால்நட்தான், பொய்யில்லை.
ஆனால் நகத்தின் தடிப்புக்கூட இல்லை.
கப்பலில் வந்தது இந்தத் தோல் மட்டும்;
கால், சட்டம், லாச்சி எல்லாம்
இங்கத்தைய மரம்.

சான்ட் பேப்பரைத் தூரப் போட்டேன்.
நாலு தேய்ப்பில் துரைமார் போய்விடுவார்கள்.
ஈரத்துணி, இஸ்திரிப்பெட்டி, கொஞ்சம் வச்சிரம்.
உப்பலை அமுக்கி
அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபோன்.
"வால்நட்தானே?"
"மேலே வால்நட்."
"கீழே?"

தகரத்தில் மழை,
கேட்கவில்லை என்று சொல்ல வசதியாக.
ஆனாலும் சொன்னேன்.
பில்லில் இரண்டு மரத்தின் பெயரையும் எழுதினேன்,
சபுக்கை முதலில்.