எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
பழைய பேப்பர் கடையில்
கிலோ பதினாலு ரூபாய்க்கு
என் வாத்தியாரை நிறுத்து வாங்கினேன்.
முந்நூற்றைம்பது கிராம்.
ஐந்து ரூபாய் கொடுத்தேன்,
பத்துப் பைசா அவனுக்கே இருக்கட்டும்.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல்.
அட்டையில் நீல மையில்
இரா. கோமளா, ஆ பிரிவு.
பக்கத்தில் மீசை முறுக்கிய ஒரு பூனை.

ராயக்கோட்டை மண்டியில் எனக்குக் குட்டியானை ஓட்டம்.
"நாகவேணி வண்டியில பழம் நசுங்காது" என்று
சூளகிரிக்காரர்கள் தேடி வருவார்கள்.
கிரேட் இறங்கும்வரை
ஸ்டீயரிங்கின்மேல் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பேன்.
உள்ளே வருவதைப் பற்று வை என்றது,
வெளியே போவதை வரவு வை என்றது.
என்ன தலைகீழ் நியாயம் இது என்று
ஓர் ஆடி மாதம் முழுக்கச் சண்டை பிடித்தேன்.
ஆவணியில் ராசியானோம்.

எண்பதாம் பக்கத்தின் கடைசி வரி:
"தேய்மானம் என்பது ஒரு சொத்தின்"
அடுத்த தாள் தொண்ணூற்றேழு:
"ஆகவே விடை சரி."

நடுவில் பதினாறு பக்கம்
எந்தக் கடலையோடு போனதோ.

மண்டி திம்மராயன் சொன்னார்:
"தேய்மானமா? டயரை மாத்து, சரியாப் போகும்."
வங்கியில் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.
மூன்று செவ்வாய் போனேன்.
ஓசூர் ஆடிட்டர் வீட்டு வாசலில்
கட்டணப் பலகையைப் படித்துவிட்டுச்
செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் டீசல் பங்க்.
ராத்திரி பத்து மணிக்கு
பையிலிருக்கும் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள் ரிஸ்வானா.
அவளுக்கு இருபத்துமூன்று, எனக்கு முப்பத்தொன்பது.
எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டாள்:
"வண்டி என்ன விலைக்கு எடுத்தீங்கக்கா?"
மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
"பத்து வருஷம் கழிச்சு என்னத்துக்குப் போகும்?"
அறுபதுக்குப் போனால் பெரிசு.
பில்லைத் திருப்பி அதன் முதுகில் எழுதினாள்:
வருஷத்துக்கு முப்பதாயிரம்.
நாளைக்கு எண்பத்திரண்டு.
"வண்டி நின்னாலும் இது ஓடும்க்கா."

போன வருஷக் கடைசியில்
என் கையில் நின்றது இருபத்தாறாயிரம்.
லாபம் என்று
காட்டிநாயனப்பள்ளி முருகனுக்குத் தேங்காய் உடைத்திருந்தேன்.

குறைந்த நாலாயிரம்
அன்றிரவு ஓசூர் போகும்வரை
பக்கத்து சீட்டில்
ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வந்தது.

கிரேடுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினேன்.
சூளகிரிக்காரர்கள் நாலு பேர் போனார்கள்,
ஒருத்தர் திரும்பி வந்தார்.
மண்டியே சிரித்தது.
கார்த்திகையில் திம்மராயன் மட்டும்
ஆளில்லாத நேரம் பார்த்து வந்து
"அந்த பில்ல ஒரு தரம் காட்டு" என்றார்.
இந்த வருஷம் மிச்சம் பதினோராயிரம்.
முன்பைவிடக் குறைச்சல்தான்.
ஆனால் நான் நம்பிய முதல் தொகை.

வாரத்தில் இரண்டு இரவு
பங்க் விளக்கடியில் உட்காருவோம்.
எண்பதுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவே
கோணி ஊசியால் பில்களைத் தைத்திருக்கிறேன்.
திறந்தால் டீசல் வாசம்.

நேற்று ஒன்பதாம் கணக்கு.
எனக்கு நாலாயிரத்து இருநூற்றைம்பது.
ரிஸ்வானாவுக்கும் அதேதான்.
பின்னாலுள்ள விடையோ நாலாயிரத்து ஐந்நூற்று இருபது.
மூன்று தடவை போட்டோம்.
புத்தகம்தான் தப்பு என்று சொல்ல
இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

அப்போதுதான் ஓரத்தில் பார்த்தேன்,
பொடிப் பென்சில் எழுத்து.
நாலாயிரத்து இருநூற்றைம்பது என்று போட்டு,
தாள் கிழிய அடித்து,
கீழே அச்சிலிருந்த விடையைப்
பார்த்து எழுதியிருக்கிறாள்.

அடித்திருக்க வேண்டாம், கோமளா.