மே மாதம் வருகிறவருக்கு

அய்னோ அவர்களுக்கு,
நீங்கள் அனுப்பிய பதினொரு கேள்விகளையும்
என் பக்கம் தள்ளிவிட்டு
முதலாளி தொழுகைக்குப் போய்விட்டார்.
‘ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சிடும்மா.’
பார்க்கலாம்.

வெயில் எவ்வளவு இருக்கும்?
நாற்பத்திரண்டு.
எண்ணாகப் படித்தால் ஒன்றும் சுடாது.
வேலூரில் உங்கள் விடுதிக்குப் பின்னால்
மொட்டைப் பாறையாக ஒரு மலை.
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
இரவு பத்துக்கு மேல்தான் திருப்பித் தரும்,
வட்டியோடு.
மேல்மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பார்கள்.
நம்பாதீர்கள்.
மொட்டைமாடிக்குக் கீழறை
மூடி போட்ட இட்லிப்பானை.
முதல் மாடி கேளுங்கள்.

பருத்தித் துணி, தொளதொளவென்று, முழுக்கை.
வெயிலுக்குக் குறைவாக உடுத்தலாம் என்று தோன்றும்.
மூடிய தோல்தான் தப்பிக்கும்.
என் கறுப்பு புர்காவைப் பற்றி நேரில் கேளுங்கள்,
அது வேறு கணக்கு.

மூடி ‘டிக்’கென்று உடைகிற பாட்டில் தண்ணீர் மட்டும்.
தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.
கண்ணெதிரே சீவித் தந்தால் நுங்கு சாப்பிடலாம்.
கீறி அடுக்கிய தர்பூசணியில் ஈ உட்கார்ந்திருந்தால்
அது ஈயின் தர்பூசணி.

சாலை கடப்பது, ஏழாவது கேள்வி.
வலப்பக்கம் பாருங்கள், பிறகு இடப்பக்கம்.
பிறகு எல்லாப் பக்கமும்.
ஓடாதீர்கள், பாதியில் நிற்காதீர்கள்.
ஒரே சீராக நடந்தால்
வண்டிகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.
பாலாற்றுப் பாலத்தில் கார் ஏறும்போது
கீழே மணலைப் பார்த்து
‘ஆறு எங்கே’ என்று மட்டும்
டிரைவர் தணிகாசலத்தைக் கேட்டுவிடாதீர்கள்.
மேல்விஷாரம் வந்து சேரும்வரை
அவர் வேறெதுவும் பேசமாட்டார்.

ஒன்பதாவதை வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்.
வயிறுதானே?
ஒருநாள் போகும். எங்களுக்கும் போகும்.
உப்பு சர்க்கரைக் கரைசல், தயிர்சோறு, படுக்கை.
காய்ச்சல் சேர்ந்தால்
இரவு இரண்டானாலும் எனக்கு போன் போடுங்கள்.
மாத்திரைகளை உங்கள் டாக்டரிடம் கேட்டு
அங்கிருந்தே கொண்டு வாருங்கள்.

கேட்காத ஒன்று: கால் வீங்கும்.
இதை என்னளவுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்,
கால்தான் என் பிழைப்பு.
அரை எண் பெரிய செருப்பு எடுத்துவையுங்கள்.

உங்கள் ஊர்ப் பனிக்கு
நாங்கள் மே மாதத்தில் பூட்ஸ் தைக்கிறோம்.
‘மைனஸ் இருபத்தைந்து தாங்கும்’
என்ற சீட்டை உள்நாக்கில் ஒட்டுவது நான்.
ஐஸ்கிரீம் பெட்டிக்குள் முழங்கைவரை விட்டதுதான்
நான் அறிந்த குளிர்.
அடித்தோலில் ஏன் இத்தனை பள்ளம்?
வரைபடம் ஆழத்தைச் சொல்கிறது, காரணத்தை இல்லை.
பனியில் மிதித்தால் சத்தம் கேட்குமா?
மணல் மாதிரியா, அப்பளம் மாதிரியா?
இது என் முதல் கேள்வி.

கடைசியாக ஒன்று.
இதை முதலாளிக்குக் காட்ட வேண்டாம்.
தையல் கூடத்தில் முப்பத்தாறு பெண்கள்.
ரோமம் பறக்கிறது என்று
மின்விசிறிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
கத்தரி வெயில், மடி நிறையக் கம்பளி.
நீங்கள் வருகிற அன்று போடுவார்கள்,
எட்டு விசிறியும், மூலையில் அந்தப் பெரிய கூலரும்.
நீங்கள் வெளியே கால் வைத்ததும்
யாரோ ஒருவர் கை சுவிட்சுக்குப் போகும்.

அதனால், மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள்.
ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள்.
இடதைப் பார்த்த பிறகு வலது.
சந்தேகம் கேளுங்கள்.
பதினொன்று போதாது.

கொசுவத்தி விடுதியிலேயே தருவார்கள்,
சுமக்க வேண்டாம்.

நூர்நிஷா
தரப்பிரிவு