டூ ஃபேஸ்

புதுவயலில் ராத்திரி பத்தரைக்கு
ஒரு ஃபேஸ் போகும்.
மில் நிற்கும், விளக்கு எரியும்.
நெல் அவிந்த வாசத்துக்குள்
ஆம்ப்ளிஃபயரை உருட்டி வருவோம்.
லைன்மேன் நான். எது எப்போது போகும் என்று
எனக்குத் தெரியும். பேஸ் கிட்டாரும் நான்தான்.
பேண்டுக்குப் பெயர் அப்படி வந்தது.

தொண்ணூற்றாறில் தொடங்கினோம்.
சோலையப்பனுக்கு மூன்று கார்டு தெரியும்.
நான்காவதைக் கற்றுத்தர வந்தவருக்கு
டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம்.
சகுபர் ட்ரம்ஸ் அடிப்பது
வட்டிக்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.
உமையாள் பாடமாட்டாள்.
ரேஷன் கடையில் எடை குறைந்தால் எப்படிக் கேட்பாளோ
அப்படிக் கேட்பாள்,
ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி
மூச்சு வாங்காமல்.

ஒரே ஒரு கேசட். இருநூறு போட்டோம்,
முப்பத்தொன்று விற்றது. மிச்சம்
சகுபர் வீட்டுக் கட்டில் காலுக்கு முட்டு.
பெங்களூரில் ஒரு தரம்
சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் மிக்சர் ஆள்.
குறைக்கிற பித்தான் எங்களிடம் இல்லை என்றாள் உமையாள்.
சோலையப்பன் ஈப்போவில்
ஒன்பது வருஷம் கணக்கெழுதினான். அப்போதும் கலைக்கவில்லை.
கிட்டார் இல்லாமல் ஆறு பாட்டு போட்டோம்.
அவைதான் நல்ல பாட்டு என்று
அவனே ஒத்துக்கொள்வான், குடித்தால்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பங்களா ஓட்டலில்
விருந்தாளிகள் சாப்பிடுகிறார்கள், மெதுவாக ஒன்று என்றார்கள்.
மெதுவாக எங்களிடம் ஒன்றும் இல்லை.
பாதிப் பாட்டில் காசைக் கொடுத்து அனுப்பினார்கள்.
முழுக் காசு.
இன்றுவரை அதிகம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

இருபத்தெட்டு வருஷம்.
வயதானால் வேகம் குறையுமாம்.
அந்த ஒன்று ஐம்பது பாட்டு
இப்போது ஒன்று முப்பத்தெட்டில் முடிகிறது.
சகுபருக்கு முட்டி வலி,
சீக்கிரம் எழுந்துவிடப் பார்க்கிறான்.
உமையாள் மட்டும் அதே இடத்தில் நின்று
அதே எடையைக் கேட்கிறாள்.

போன தையிலிருந்து
புதுவயலுக்கு ராப்பகலாய் மூன்று ஃபேஸ்.
புது டிரான்ஸ்ஃபார்மருக்கு நட்டு முறுக்கியதும் நான்தான்.
மில் நிற்பதே இல்லை.

முதல் ராத்திரி நால்வரும்
கேட்டுக்கொண்டே நின்றோம்.
பிறகு சோலையப்பன் குனிந்து
கம்பியைத் தளர்த்தினான்,
மோட்டார் உறுமுகிற சுருதி வரும்வரை.
நானும் தளர்த்தினேன்.
சகுபர் குச்சியைத் தட்டினான்,
ஒண்ணு, ரெண்டு.
மூணு என்று உமையாள் கத்தியது
யாருக்கும் கேட்கவில்லை.