மூன்று நாள் கரையனுமதி

தூத்துக்குடியில் கப்பலுக்கு மூச்சடைப்பு.
உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும்.
"உன் ஊர் பக்கம்தானே" என்றான் ரொடேலியோ.
பக்கம் என்றால் பக்கம்தான்.
இரண்டு பேருந்து, பிறகு ஒரு ஷேர் ஆட்டோ,
அதில் எங்களோடு ஒரு கிடாயும் வந்தது.

தேவிபட்டினம் தாண்டினால்
இடப்பக்கம் வயல், வலப்பக்கம் கடல்.
கடலைக் காட்டினேன். அவன் திரும்பவில்லை.
ஆறு வருடமாக அதைத்தானே பார்க்கிறோம்.
சாலையோரம் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்கு
வண்டியை நிறுத்தச் சொன்னான்.
கிடாயும் இறங்கப் பார்த்தது.

குண்டு மிளகாய். கோலிக்குண்டு பருமன்.
ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினான்
உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

கோடாங்கிவயலில் தங்கை பிரகாசி
சாக்கும் கையுமாக நின்றாள்.
மாசி பிறந்து பத்து நாள், பழம் பறிக்க ஆள் போதவில்லை.
விருந்தாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு
"குனிவாராண்ணே?" என்றாள்.

குனிந்தான்.
இஞ்சின் அறையின் எண்ணெய்க் கறுப்போடு மட்டுமே
நான் அறிந்த முதுகு அது.
சப்பாத்தை வரப்பில் விட்டுவிட்டு இறங்கி
மண்ணை உருண்டை பிடித்தான், உதிர்த்தான்,
நாக்கில் வைத்து
"உப்பு" என்றான், எங்கள் மெஸ்ஸில் கற்ற தமிழில்.
மச்சான் என்னைப் பார்த்தார்.
எத்தனை விடுமுறைக்கு வந்திருக்கிறேன்.
அந்த மண் விரலில்கூட ஒட்டியதில்லை எனக்கு.

"சந்தியாகு, இங்க வாங்க" என்று பிரகாசி
புருஷனைக் கூப்பிட்டதும்
சாக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.
சந்தியாகோ?
அவன் அப்பா பெயராம். இலோய்லோவில்
நெல்லுக்கு நடுவே அவன் ஊர்க் கோயிலில்
வெள்ளைக் குதிரைமேல் இருப்பவரும் அவரேயாம்.
"நமக்கும் அதே குதிரைதான" என்றார் மச்சான்.
அதன்பிறகு அவர்களுக்கு
மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

பத்து மணி வெயிலில் கண்ணைக் கசக்கிவிட்டான்.
மிளகாய்க் கை.
குதித்தான், யார் யாரையோ கூப்பிட்டான்.
"தலைமுடியில தொடைக்கச் சொல்லு" என்று
நாலு வரிசை தள்ளி ராக்கு கத்தினாள்.
அவன் தலையில் இருந்தது அரை அங்குலம்.
வயலே உட்கார்ந்து சிரித்தது.
அழுதுகொண்டே அவனும்.

சாயங்காலம் மச்சானின் சேவலைத் தூக்கிப் பார்த்தான்.
தொடையை அழுத்தினான், இறகை ஊதினான்,
காலில் கத்தி எங்கே என்று விரலால் கேட்டான்.
எங்கள் கட்டில் கத்தி கிடையாது.
தன் ஊரில் எவ்வளவு நீளம் என்று அவன் காட்டியதும்
மச்சான் சேவலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ராத்திரி சூடைமீன் குழம்பு.
நான் கரண்டி தேடிக்கொண்டிருக்கையில்
அவன் ஐந்து விரலால் பிசைந்து முடித்திருந்தான்.
காடி கேட்டான். காடிக்கு எங்கே போவது?
ஒரு பிஞ்சுப் புளியங்காயை நசுக்கி வைத்தாள் பிரகாசி.
ருசி பார்த்துவிட்டு
அவளை நோக்கிக் கையை நெஞ்சில் வைத்தான்.
கப்பலில் அவன் சமையல்காரனைக்கூட
இப்படிப் பாராட்டியதில்லை.

மூன்றாம் நாள் கூலிக் கணக்கு.
ராக்குக்கு என்னவோ அதேதான் அவனுக்கும்.
வேண்டாம் என்று பின்வாங்கினான்.
"வாங்கலேன்னா நாளைக்கு எவளும் வரமாட்டா,
ஓசியில ஆள் வச்சேன்னு பேராயிடும்"
என்று சட்டைப்பையில் திணித்தாள்.
அந்த நோட்டுகளை அவன் இன்னும் மாற்றவில்லை.
மாலுமிப் புத்தகத்துக்குள், அவன் புகைப்படம்
ஒட்டிய பக்கத்தில் இருக்கின்றன.
கொஞ்சம் விதையும் கொண்டுபோனான்.
எந்தச் சுங்கத்திலும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு படம் அனுப்பினான்.
அவர்கள் வீட்டுக் கிணற்றோரம், இடுப்பளவு,
பச்சைப் பசேலென்று செடி.
அதில் காய்த்தது குண்டு இல்லை,
நீட்டுக்கும் உருண்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
உறைப்பே இல்லை, என்ன செய்ய என்று கேட்டிருந்தான்.

பிரகாசிக்குப் போட்டுக் காட்டினேன்.
விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"தண்ணி ஊத்தியே கெடுத்திருக்கான்" என்றாள்.
"காயவிடச் சொல்லு."