இருபத்துமூன்று நிமிடம்

வால்டிவியாவில் மழை நிற்கட்டும் என்று
யாரும் காத்திருப்பதில்லை.
நோல்பெர்த்தோ நனைந்துகொண்டேதான் குடிவந்தான்.
இரண்டு பெட்டி, ஒரு படகு எஞ்சினின் பாதி,
டிசோன் என்கிற கறுப்பு நாய்.
கரிக்கட்டை என்று அர்த்தம்.
என் பூனை அரீனா. மாவு.
இப்படி ஒரு பொருத்தத்தை
நாங்கள் தேடிப் போகவில்லை.

நாயும் பூனையும் போல என்று
சண்டைக்கு உவமை சொல்வார்கள்.
எங்கள் வீட்டில் அது உவமை இல்லை.
சமையலறை அவளுக்கு, கூடம் அவனுக்கு,
நடுவில் நடைவழி.
மூக்கில் ஒரு கீறல் வாங்கியபின்
டிசோன் ஒப்புக்கொண்ட எல்லை.

முடிக்கு மட்டும் எல்லை கிடையாது.
ரொட்டியில், வெண்ணெய்க்கு அடியில் ஒன்று.
மருந்துக்கடையில் என் வெள்ளைக் கோட்டில் கறுப்பு,
படகுத்துறையில் அவன் கறுப்பு ஸ்வெட்டரில் வெள்ளை.
ஐம்பத்திரண்டு வயதில்
யாரோடு இருக்கிறேன் என்பதை
நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் சம்பளத்தில் வாங்கினோம்,
ஒயரில்லாத வாக்குவம் கிளீனர்.
பன்னிரண்டு தவணை.
சுவரில் ஆணியடித்து மாட்டினான்,
வேட்டைத் துப்பாக்கியை மாட்டுவதுபோல்
கொஞ்சம் பெருமையாக.

அட்டைப்பெட்டியில் நாற்பது நிமிடம் என்றிருந்தது.
அது முடியில்லாத வீட்டுக்கு.
எங்களுக்கு இருபத்துமூன்று.
வேகத்தைக் கூட்டினால் எட்டு.
கம்பளத்தில் அரைக்கிணறு தாண்டியதும்
சிவப்பு விளக்கு மூன்றுமுறை கண்சிமிட்டும்,
அப்புறம் கையில் வெறும் குச்சி.
பாதிக் கம்பளம் நேற்று வாங்கியதுபோல,
பாதி, ஏதோ மிருகம் படுத்திருப்பதுபோல.

இரைச்சல் கேட்டதும் டிசோன்
குளியல்தொட்டியில் ஏறிப் படுத்துக்கொள்வான்.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடல்சிங்கத்தைப் பார்த்துக் குரைக்கிற நாய் அது.
அரீனா வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்து
நான் எந்த மூலையை விட்டேன் என்று
பார்த்துக்கொண்டிருப்பாள்.

உருளையில் சுற்றிக்கொள்வது அவர்கள் முடியல்ல.
என்னுடையது. நீளம்.
ஞாயிற்றுக்கிழமை கத்தரியோடு உட்கார்ந்து
எஞ்சின்காரன் பொறுமையில் வெட்டியெடுப்பான்.
ஒருமுறை,
“புரொப்பெல்லரில் சிக்குகிற பாசிபோல” என்றான்.
பாராட்டா என்று கேட்டேன்.
யோசிக்க வேண்டும் என்றான்.

வடிகட்டியைக் கழுவி
ஒருநாள் உலர்த்தச் சொல்கிறது கையேடு.
எழுதியவர் இந்த ஊர்க்காரர் இல்லை.
விறகடுப்புக்கு மேலே
அவன் காலுறைகளுக்கு நடுவே
மூன்று நாள் தொங்கும் அது.

ஜூலையில் புயல்.
ஒரு யூகலிப்டஸ் கம்பிகளோடு சாய்ந்தது.
நான்கு நாள் மின்சாரமில்லை.
சுவரில் அந்த யந்திரம் செத்துத் தொங்க
முடி தன் இஷ்டத்துக்குச் சேர்ந்தது.
கதவிடுக்கில் காற்று வந்தால்
எழுந்து இரண்டடி நடந்து உட்காரும்.
மூன்றாவதாக ஒன்றை வளர்க்கிறோமோ என்றிருந்தது.

வீட்டில் சூடு அடுப்பருகே மட்டும்.
முதல் நாள் அரீனா.
இரண்டாம் நாள் டிசோன், ஒரு நாற்காலி தள்ளி.
மூன்றாம் இரவு
மெழுகுவத்தியோடு போய்ப் பார்த்தேன்,
அவன் வால்மேல் தலை வைத்திருந்தாள்.
என்னைக் கண்டதும் எடுத்துவிட்டாள்.

மின்சாரம் வந்த காலை
யந்திரத்தின் குடுவையைக் குப்பையில் தட்டினேன்.
விழவில்லை.
விரல்விட்டு இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு,
கம்பளித் துணியாட்டம்.
கறுப்பைப் பிரித்தால் வெள்ளையும் கூடவே வருகிறது.
புயலுக்கு முந்தைய வாரத்து முடி.
அப்போது அவர்களுக்குள் பேச்சே கிடையாது.

சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
வெள்ளை எல்லாம் பூனையுடையது இல்லை.
குட்டையாய்ச் சுருண்டது அவன் தாடி.
நீளமாய் ஒன்று, முக்கால்வாசி பழுப்பு,
வேர்ப்பக்கம் மட்டும் வெளுத்து.

“பூனைக்கு ரொம்பக் கொட்டுகிறது” என்றேன்.

“ஆமாம்” என்றான் நோல்பெர்த்தோ,
அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே,
“இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான்.”