வலது கால்

கல்லட்டி இறக்கத்தில் முப்பத்தாறு வளைவு.
பலகையில் எண் போட்டிருக்கிறார்கள்.
எனக்குப் பலகை வேண்டாம்,
இடுப்புக்கே எண்ணத் தெரியும்.

பதினேழு வருஷம்,
நாளுக்கு மூன்று நடை.
வீட்டுக்கு வந்து படுத்த பிறகும்
கட்டில் இடது பக்கம் ஒடியும்.
பிரேக் டிரம் கருகும் வாசனை
தலையணையில் வரும்.
போர்வைக்குள் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கும்.
"உதைக்காதீங்க" என்பாள் குளோரி,
சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டு.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம்.
போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்று
பாதியாய்க் கையில் வந்தது, தோசையோடு.

நூற்றி அறுபதுக்கு நூறு என்றது கருவி.
மாத்திரை எழுதியவர்
சீட்டின் அடியில் இன்னொரு வரியும் எழுதினார்:
செவ்வாய், மாலை நாலரை, பிங்கர்போஸ்ட்,
ஓய்வு யோகா.

தலைகீழாய் நிற்கச் சொல்வார்கள் என்றுதான் போனேன்,
பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டு.
வெளியே உறைபனி விழத் தயாராகும் குளிர்.
உள்ளே ஒரே கம்பளிக் குவியல்,
நடுவில் கூடலூர்க்காரி அனிலா.
சுருட்டிய கம்பளி ஒன்றை முழங்காலுக்கடியில் செருகினாள்.
இன்னொன்றை முதுகுக்கு.
கேழ்வரகு நிரப்பிய சின்னப் பையைக்
கண்மேல் வைத்தாள்.
"இனி என்ன செய்யணும்?"
"ஒண்ணும் செய்யண்டா, அண்ணா."

ஒன்றும் செய்யாமல் கிடப்பது
இவ்வளவு வேலை என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
டீசல் கணக்கு வந்தது.
பையனின் காலேஜ் ஃபீஸ் வந்தது.
என்றைக்கோ ஒன்பதாம் வளைவில்
நூலிழையில் உரசிப் போன டெம்போ வந்தது,
கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பையன் முகத்தோடு.
வலது கால் தேடியது.
கம்பளி தாங்கிய முழங்காலுக்குக் கீழே
பாதம் வெறும் காற்றில் இருந்தது.
மிதிக்க ஒன்றுமில்லை.

மூச்சை விடும்போது மட்டும்
கொஞ்சம் கூடுதலாய் விடச் சொன்னாள்.
கிளட்ச்சை அப்படி விடத் தெரியும் எனக்கு.
அப்படியே விட்டேன்.
தோள் முதலில் இறங்கியது,
பின்படியில் சொல்லாமல் இறங்கும் ஆள் மாதிரி.
அப்புறம் தாடை.
அப்புறம் நாக்கு.
அது மேலண்ணத்தில் ஏறி நின்றிருந்ததே
இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது.
ஆனால் ஸ்டியரிங்கில் நான் இல்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்,
டிக்கெட் வாங்கியவன்போல.
யார் ஓட்டுவது என்று கேட்கத் தோன்றவில்லை.
தரை ஓட்டியது என்று நினைக்கிறேன்.

என் குறட்டைக்கு நானே விழித்தேன்.
பக்கத்துப் பாயில் நைட் டியூட்டி நர்ஸ் மும்தாஜ்
கண்ணைத் திறக்காமல் சொன்னார்:
"நிறுத்திட்டீங்களே சார்,
அதைக் கேட்டுத்தான் நான் தூங்கிட்டிருந்தேன்."

ஆறு செவ்வாய் ஆயிற்று.
பெரிதாய் ஒன்றும் நடந்துவிடவில்லை.
கருவி இப்போது நூற்றி நாற்பத்தெட்டு என்கிறது,
மாத்திரை தொடர்கிறது,
டெம்போவும் எப்போதாவது வருகிறது.
குளோரி மட்டும் சுவரை விட்டு
கட்டிலின் நடுவுக்கு வந்திருக்கிறாள்.

நேற்று இருபத்தெட்டாம் வளைவில்
காட்டுமாடு ஒன்று
சாலைக்குக் குறுக்கே படுத்து அசைபோட்டது.
மசினகுடிக் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம்,
முகூர்த்தம் பத்தரைக்கு.
"ஹாரன் அடிங்க!" என்றது பின் சீட்டு.
கண்டக்டர் பெள்ளன் என்னைப் பார்த்தான்,
நான் திட்டப்போவதை எதிர்பார்த்து.

எஞ்சினை அணைத்தேன்.
வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.
பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து
முன் கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது.
மாடு என்னைப் பார்த்தது,
அனிலாவிடம் எனக்கு முன்பே சேர்ந்துவிட்டது மாதிரி.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"
பெள்ளனுக்குப் பதில் சொல்லவில்லை.
ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன்.
வலது கால்
செருப்பைக் கழற்றிவிட்டு
ரப்பர் விரிப்பின் மேல்
சும்மா கிடந்தது.